காருக்கு எதுவரை கண் தெரியும்

தை கடைசி வாரம், காலை 6.30 மணி இருக்கும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் அத்தை, என் கணவரின் அம்மா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சீக்கிரமே வந்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். வடுவூர் ஏரியை ஒட்டிப் போகும்போது பனி அடர்ந்துவிட்டது. முன்னால் போன சரக்கு வேனின் பின்விளக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை.

"தண்ணி பாட்டிலை எங்கேம்மா வெச்சே?" என்றார் அத்தை. கதவோரம் இருப்பதைக் காட்டத் தலையைத் திருப்பினேன். கீச்சென்று ஒரு சத்தம். எதிரே திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் தானே பிரேக் போட்டுக்கொண்டது. பெல்ட் நெஞ்சை அழுத்திப் பிடித்தது. நின்ற பிறகு பார்த்தால் வேனின் பின்கதவு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. வேனுக்கு முன்னால் சாலை முழுக்கச் செம்மறி ஆடுகள். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஓட்டி வந்த மந்தை.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏம்மா, நீ இந்தப் பக்கம்ல பார்த்துக்கிட்டு இருந்தே. பிரேக் போட்டது யாரு?"

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. கார் வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. விற்பனைக் கடையில் ஒரு பையன் அடாஸ், அதாவது ஓட்டுகிறவருக்கு உதவும் வசதிகள் என்று சொல்லி இருபது பொத்தானைக் காட்டினான். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அன்று மாலை வீடு திரும்பியதும் காரோடு கொடுத்த கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். நான் செய்ததிலேயே பயனுள்ள காரியம் அதுதான். அடாஸ் உள்ள காரை வைத்திருக்கிறவர்கள் கையேட்டில் அந்த ஒரு அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள். எந்த எந்த நேரத்தில் இது வேலை செய்யாது என்று பக்கம் பக்கமாக அதில் எழுதியிருக்கிறார்கள். கடையில் அதை யாரும் சொல்வதில்லை.

தானே ஓடும் கார் என்பது பழைய கனவு. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு பெரிய மாதிரி நகரத்தை அமைத்துக் காட்டியது. 1960இல் கார்கள் ஒன்றோடொன்று மோதாமல், இடைவெளியைத் தாமே காத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் என்றார்கள். 1960 வந்தது, போனது. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில்கூட அது கதையில் வருகிற சங்கதிதான். 2004இல் அமெரிக்கப் பாலைவனத்தில் ஆளில்லாக் கார்களுக்குப் பந்தயம் வைத்தபோது ஒன்றுகூட முடிவுக் கோட்டைத் தொடவில்லை. அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. 2008இல் வால்வோ நிறுவனம் ஒரு காரை விற்பனைக்கு விட்டது. 30 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் முன்னால் போகும் வண்டியில் இடிக்கப் போனால் அது தானாக நின்றுவிடும். 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் தானியங்கி பிரேக் கட்டாயம். இங்கே 2020க்குப் பிறகுதான் இந்த வசதிகள் பரவலாக வர ஆரம்பித்தன. இப்போது நடுத்தர விலைக் கார்களுக்கும் வந்துவிட்டன.

அத்தைக்கு நான் சொன்ன விளக்கம் இது. காருக்கு இரண்டு கண். ஒன்று முன்கண்ணாடியின் உச்சியில், உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா. இன்னொன்று முன் பம்பர் பக்கம் ஒளிந்திருக்கும் ரேடார். அது 77 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் அலைகளை வீசுகிறது. அலைநீளம் 4 மில்லிமீட்டர்தான். பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து, எதிரில் இருப்பது நெருங்குகிறதா விலகுகிறதா, என்ன வேகம் என்று கணக்கிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் நான் வருடா வருடம் நடத்தும் டாப்ளர் விளைவுதான். ரயில் ஊதலை உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது காரையும் சேர்த்துச் சொல்கிறேன். பனியில் கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. ரேடார் அலைக்குப் பனி பெரிய தடையில்லை. அன்று வடுவூரில் எங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் ரேடாராகத்தான் இருக்க வேண்டும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 17 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை எடுத்து பிரேக்கில் வைக்க நமக்கு ஒரு வினாடியாவது ஆகும். இயந்திரம் அதில் பாதியை மிச்சப்படுத்தினால்கூட 8 மீட்டர் கையில் நிற்கும். ஒரு டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த நீளம் அது.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் கூடிவிட்டது. அதுதான் தப்பு.

மாசி மாதம், மாலை 5.30 மணி. தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் மகனை அழைத்துவரப் போகிறேன். தனியாகத்தான். வடுவூர் தாண்டினால் சாலை மேற்குப் பக்கமாகப் போகிறது, சூரியன் நேரே முகத்தில். தளடி, அதாவது இரண்டாம் போக அறுவடை நேரம். சாலையின் இடது பாதியில் நெல் காய்கிறது. ஓரத்தில் கல்லும் தென்னை மட்டையும் வைத்து எல்லை கட்டியிருக்கிறார்கள். சாலையில் நெல் காயப் போடுகிறவர்களைக் காரில் போகிறவர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். நான் திட்ட மாட்டேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஊரில் களம் போதாது. மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் சூடேறிய தார்ச்சாலையை விட்டால் வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்?

நெல்லுக்கு ஒதுங்கி வலப்பக்கம் ஓட்டி, மறுபடி இடப்பக்கம் வந்தேன். அங்கே நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நிற்கிறது. டிராக்டரை எங்கோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விளக்கு இல்லை, ஒளிரும் பட்டை இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. சாலையின் நிறமும் வயலின் நிறமும் வைக்கோலின் நிறமும் அந்த வெயிலில் ஒன்றாகவே இருந்தன. கார் ஒரு சத்தமும் போடவில்லை. திரை பச்சையாக, அமைதியாக இருந்தது. என் கண்ணுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. மிதித்தேன். சக்கரத்துக்கு அடியில் சிதறிக் கிடந்த நெல்மணிகள்மேல் கார் வழுக்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்துத் தப்பினேன். எதிரே வண்டி வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

கொஞ்ச தூரம் தள்ளிப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அழுதேன். அப்புறம்தான் யோசித்தேன்.

ரேடார் ஏன் பார்க்கவில்லை? சாலையோரக் கம்பம், பாலம், அறிவிப்புப் பலகை என்று நகராமல் நிற்கும் பொருள்களிலிருந்து ரேடாருக்கு ஓயாமல் எதிரொலி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் காரை ஓட்ட முடியாது. அதனால் பல கார்களில் முதலிலிருந்தே நின்றுகொண்டிருக்கும் பொருளின் எதிரொலிக்கு மதிப்புக் குறைவு. முன்னால் ஓடிக்கொண்டிருந்து நின்ற வேனை அது விடாமல் பின்தொடர்ந்திருந்தது. டிரெய்லரை அப்படி அல்ல. அதோடு இரும்பு திருப்பி அனுப்புகிற அளவுக்கு வைக்கோல் அலையைத் திருப்பி அனுப்பாது. கேமராவுக்கோ எதிர்வெயில். வெயில் இல்லாவிட்டாலும் அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பது கார், லாரி, பைக், மனிதர்களின் உருவங்களை. சக்கரம் தெரியாத அளவுக்கு வைக்கோல் தொங்கும் ஒரு குவியலை வண்டி என்று அது எப்படிக் கண்டுகொள்ளும்? இவை என் ஊகம்தான், என் காரின் மூளைக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் கையேட்டில் எச்சரித்திருந்த நிலைமைகளில் பாதி அந்த ஒரு இடத்திலேயே கூடியிருந்தன.

வழுக்கியதற்குக் காரணம் சொல்ல ஊகம் தேவையில்லை. அடுத்த வாரம் வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரு மரக்கட்டையின் அடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டை ஒட்டி, சொரசொரப்பான பலகையில் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கினோம். கட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுத்து இரண்டு கைப்பிடி நெல்லைத் தூவிவிட்டுத் தூக்கினோம். முதல் தடவை தூக்கிய உயரத்தில் பாதிகூட வரவில்லை, கட்டை வழுக்கிக் கீழே வந்துவிட்டது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். உராய்வு பாதியானால் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு. நல்ல தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் 20 மீட்டரில் நிற்கும் கார், நெல்மேல் 40 மீட்டர் போகும். தானியங்கி பிரேக் எப்போது பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது நல்ல சாலையை நினைத்துக்கொண்டுதான். நெல் கிடப்பது அதற்குத் தெரியாது. தை, மாசி, பங்குனியில் நெல் காயும் சாலையில் நான் இப்போது 30 கிலோமீட்டரைத் தாண்டுவதே இல்லை.

வைக்கோல் பற்றி இன்னொன்று. அறுவடை நேரத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல்மேல் காரை ஏற்றினால், அது அடியில் சுற்றிக்கொண்டு புகைக்குழாயின் சூட்டில் பற்றிக்கொள்ளும். அதன்மேல் காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடந்த பிறகு வெறும் தரையில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். இதற்கு எந்தக் காரிலும் எச்சரிக்கை மணி கிடையாது.

கோடு தாண்டினால் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்கும் வசதியும் என் காரில் உண்டு. நாலுவழிச் சாலையில் அது நல்ல துணை. நம் சாலைகளில் அப்படியில்லை. எதிரே டவுன் பஸ் வரும்போது இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி வழிவிடுகிறோம் அல்லவா, விளிம்பில் வெள்ளைக் கோடு இருந்துவிட்டால் கார் அதைத் தவறு என்று நினைத்து பஸ் பக்கமாக இழுக்கிறது. முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இழுப்பு பலமானது இல்லை, கையால் அடக்கிவிடலாம். ஆனால் தெரியாமல் இருந்தால் கை பதறிவிடும். இண்டிகேட்டர் போட்டுவிட்டு இறங்கினால் அது குறுக்கிடாது. பாமணியாற்றங்கரை மாதிரிக் கோடே இல்லாத குறுகிய சாலைகளில் அது தானாகத் தூங்கிவிடுகிறது. நான் ஊர்ச் சாலையில் அதை அணைத்துவிடுகிறேன். மோதல் எச்சரிக்கையையும் தானியங்கி பிரேக்கையும் மட்டும் எங்கேயும் அணைப்பதில்லை. மன்னார்குடி பந்தலடிக் கூட்டத்தில் பைக்குகள் குறுக்கே நுழையும்போது அது கத்திக்கொண்டேதான் இருக்கும். கத்தட்டும். எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக வர வேண்டும் என்பதை மாற்றும் வசதி பல கார்களில் உண்டு. சத்தம் தாங்காமல் மொத்தமாக அணைக்கிறவர்கள் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஆயுத பூஜை அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். காரைக் கழுவி, முன்பக்கம் பெரிய சாமந்தி மாலை போட்டு, சந்தனத்தைக் குழைத்து அத்தையே பொட்டு வைத்தார். பம்பரில் ஒன்று, கண்ணாடி உச்சியில் நடுவாக ஒன்று. கிளப்பினால் திரையில் ரேடார் மறைந்திருக்கிறது, கேமரா மறைந்திருக்கிறது என்று வரிசையாக எழுத்து ஓடுகிறது. இரண்டு கண்ணின் மீதும் சரியாகச் சந்தனம் விழுந்திருக்கிறது. அத்தைக்கு அதற்குள் இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகப் பார்வை வந்திருந்தது. "அடப்பாவமே, நானே புரை வெச்சுட்டேனே" என்று பதறி, முந்தானையாலேயே துடைத்தார். இப்போது பொட்டு பானெட்டில்தான், மாலை பின்கண்ணாடியில். நடவுக் காலத்தில் சேற்றுச் சாலையில் போய்வந்தாலும் அந்த இரண்டு இடத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி பொருத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சட்டப்படியும் கூடாது, ரேடாரின் பார்வையையும் மறைக்கும்.

ஒருமுறை மணல் லாரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியை உடைத்துவிட்டது. அவசரத்துக்கு ஒரு கடையில் மாற்றினோம். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுச்சாலையில் நேராகப் போகும்போதே கோடு தாண்டுகிறாய் என்று கார் கத்த ஆரம்பித்தது. கேமராவைக் கழற்றி மாட்டினால் மறுபடி அளவு சரிபார்த்துப் பொருத்த வேண்டும். அந்தக் கடையில் அதைச் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று சொல்லவும் இல்லை. ஒரு பாகை பிசகினால் 60 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் தள்ளிப் பார்க்கும். கண்ணாடி மாற்றக் கொடுக்கும்போதே இதை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு எழுதும்போதும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கார் வாங்கப் போகும் சக ஆசிரியர்கள் என்னிடம் இப்போது அடாஸ் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பெல்ட்டைப் பற்றிப் பேசுவேன். மூன்று முனை பெல்ட்டை 1959இல் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அந்த நிறுவனம் காப்புரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு! அந்தப் பெல்ட்டைப் போடாமலே மணியை ஏமாற்ற ஒரு கிளிப்பை நம் ஊரில் விற்றார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளிலிருந்து அதை நீக்க உத்தரவு போட்டது. காற்றுப்பை விரிய 30 மில்லி வினாடி போதும். ஒரு மாத்திரை என்று இலக்கணத்தில் படிக்கும் கண்ணிமைப் பொழுதுகூட அதைவிட நீளம். அந்த வேகத்தில் வரும் பையின்மேல் பெல்ட் இல்லாமல் போய் விழுந்தால் அதுவே காயப்படுத்தும். சேலை கட்டியவர்கள் கொசுவம் கசங்குகிறது என்று இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு மேலே ஏற்றிப் போடுகிறோம். அது இடுப்பெலும்பில் பதிய வேண்டும், வயிற்றில் அல்ல. பின் இருக்கையில் உட்கார்ந்தாலும் இப்படித்தான். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் கார்களுக்கு நட்சத்திரம் தருகிறார்கள். அதைப் பாருங்கள். அதன் பிறகு ரேடாரைக் கேளுங்கள்.

வைக்கோல் டிரெய்லர் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நான் காரில் இருந்தேன், பெல்ட் இருந்தது, காற்றுப்பை இருந்தது. என் மாணவர்களின் அப்பாக்கள் அதே சாலையில் இரவு பைக்கில் வருகிறார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. 10 பேரில் 4 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். அவர்கள் வண்டியில் எந்த ரேடாரும் கிடையாது.

அடுத்த தளடி அறுவடைக்கு முன்னால், என் கொழுந்தனாரிடம் பேசினேன். அவரிடம் இரண்டு டிரெய்லர் இருக்கிறது. "அண்ணி, ஆர்டிஓ சோதனைக்கு ஒட்டினதுதான், அப்புறம் உரிஞ்சு போச்சு" என்றார். நாங்களே ஒளிரும் பட்டை வாங்கி வந்தோம். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வைக்கோல் தொங்கினாலும் மறைக்காதபடி சட்டத்தின் கீழ்க்கம்பியிலும் இரண்டு மூலையிலும் ஒட்டினோம். பார்த்துவிட்டுத் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டினார்கள். தங்கள் சைக்கிள் மட்கார்டிலும் ஆளுக்கொரு துண்டு ஒட்டிக்கொண்டார்கள்.

இந்த மாசியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு 9 மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அத்தை முன்னிருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு. வடுவூருக்கு முன்னால் தெருவிளக்கு இல்லாத இடம். காரில் எந்த மணியும் அடிக்கவில்லை. அத்தைதான் முதலில் கையை நீட்டினார்.

"அதோ பாரும்மா, தூரத்துல செவப்பா ரெண்டு மின்னுது. மெதுவாப் போ."

காலை எடுத்தேன்.